இரண்டாவது ரிமோட்



போன மாதம் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு புகாரைப் பார்த்திருப்பீர்கள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்குமேல் மூன்றாவது மாடியில் "கழுகு போச்சு, கழுகு போச்சு" என்று யாரோ கத்துகிறார்கள், பறவை ஏதாவது அடிபட்டுக் கிடக்கிறதா என்று ஒரு சகோதரி கேட்டிருந்தார். செக்யூரிட்டி தம்பி டார்ச் எடுத்துக்கொண்டு மொட்டை மாடி வரை போய்த் தேடிவிட்டு வந்தாராம். கத்தியது நான்தான். சகோதரியிடமும் தம்பியிடமும் இதன் மூலம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கழுகு டிவிக்குள் இருப்பது. அதை இரண்டு கிழவர்கள் எதற்காகக் காவல் காக்கிறோம் என்று விளக்கவே இந்தக் கட்டுரை. ஆசிரியர் குழு இந்த முறை பக்கம் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள், ஆகவே பழைய கதையையும் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறேன்.

மூன்றாவது மாடி நண்பரை உங்களுக்குத் தெரியும். மின்வாரியத்தில் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். போன ஆடி மாதம் அவர் துணைவியார் தவறிப்போனார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு அவர் கதவைச் சாத்திக்கொண்டார். நான் சாயங்காலம் போய் உட்காருவேன். எதிரும் புதிருமாக இரண்டு நாற்காலி. "சாப்பிட்டீங்களா சார்?" "ஆச்சு சார்." அதற்குமேல் பேச்சு நகராது. முகத்தை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு எதைக் கேட்பது? இப்படியே இரண்டு மாதம் போனது.

தீபாவளி லீவுக்கு வந்த என் பேரன், ஊருக்குத் திரும்பும்போது ஒரு சாதனத்தை மறந்து விட்டுப் போய்விட்டான். விரல் நீளத்தில் ஒரு குச்சி. அதை டிவியில் சொருகவேண்டும். கூடவே வயரில்லாத இரண்டு ரிமோட். ஆன்லைனில் 1,800 ரூபாய்க்கு வாங்கியதாம். இரண்டு ரிமோட் இருக்கிறதே என்று அதை எடுத்துக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனேன். 'பேட்டில் சிட்டி' என்ற பழைய டாங்கி ஆட்டத்தைப் போட்டோம். திரையின் அடியில் நடுவில் செங்கல் சுவருக்குள் ஒரு கழுகுச் சின்னம். எதிரி டாங்கிகள் இருபது, மேலிருந்து வரும். மஞ்சள் டாங்கி எனக்கு, பச்சை அவருக்கு. கழுகு போனால் இருவருக்கும் ஆட்டம் முடிந்தது. அன்று முதல் கட்டத்தையே எங்களால் தாண்ட முடியவில்லை. ஆனால் வெகுநாளைக்குப் பிறகு அவர், "சார், வலது பக்கம் வலது பக்கம்!" என்று சத்தமாக ஒரு வாக்கியம் பேசினார்.

வணிகவியல் படித்து, கவுண்டரிலும் லெட்ஜரிலும் முப்பத்தைந்து வருடம் இருந்தவன் நான். எதைப் பார்த்தாலும் இதை யார் செய்தார்கள், என்ன விலை, யாருக்கு லாபம் என்று கேட்கும் பழக்கம் போகவில்லை. ஒரு டிவி ஆட்டத்துக்கு எதற்கு இரண்டு ரிமோட் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

ஆரம்ப கால ஆட்டங்கள் பலவும் இரண்டு பேருக்குத்தான் இருந்திருக்கின்றன. 1958 அக்டோபரில் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வுக்கூடத்தில் பார்வையாளர் தினம். வருகிறவர்கள் சலிப்படையாமல் இருக்க, வில்லியம் ஹிகின்போதம் என்ற இயற்பியலாளர் ஆஸிலாஸ்கோப் கருவியின் சின்ன வட்டத் திரையில் ஒரு டென்னிஸ் ஆட்டம் அமைத்தார். பெயரே 'டென்னிஸ் ஃபார் டூ'. 1962இல் எம்.ஐ.டி. மாணவர்கள் ஒரு பெரிய கம்ப்யூட்டரில் 'ஸ்பேஸ்வார்' எழுதினார்கள். அதிலும் இரண்டு விண்கலம், இரண்டு ஆட்கள். காரணம் எளிது. எதிராளியாக நின்று ஆடும் அளவுக்கு அந்த இயந்திரங்களுக்கு மூளை கிடையாது. ஆட்டம் நடக்க வேண்டுமானால் இன்னொரு மனிதர் வந்தாக வேண்டும்.

வீட்டு டிவியில் இணைத்து ஆடும் முதல் பெட்டி 1972இல் வந்த மேக்னவாக்ஸ் ஒடிஸி. ரால்ஃப் பேர் என்ற பொறியாளரின் யோசனை. அதற்கு ஒலி கிடையாது, ஸ்கோர் எண்ணவும் தெரியாது. திரையில் ஒளிப் புள்ளிகள் மட்டும் நகரும். மைதானம் வேண்டுமானால் ஒரு கண்ணாடித்தாள் படத்தை டிவி மேல் ஒட்டிக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் பகடை, ஸ்கோர் எழுதும் தாள், பொய்ப் பணநோட்டுக் கட்டு எல்லாம் இருந்தன. நோட்டுக் கட்டு என்று படித்ததும் எனக்கு அந்தப் பெட்டி மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது. யார் ஜெயித்தது என்பதை ஆடுகிறவர்களே எழுதிக் கணக்கு நேர் செய்யவேண்டும். பொய்க்கணக்கு எழுதினால் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிந்துவிடும்!

அதே வருடம் அட்டாரி கம்பெனியின் 'பாங்' வந்தது; மதுக்கூடத்தில் வைத்து, காசு போட்டு ஆடும் மெஷின். முதலில் வைத்த மெஷின் சில நாளில் மக்கர் செய்ததாகவும், திறந்து பார்த்தால் காசுப் பெட்டி நிரம்பி வழிந்து அடைத்துக்கொண்டிருந்ததாகவும் சொல்வார்கள். அதுவும் இருவர் ஆட்டம்தான். 1977இல் வந்த அட்டாரியின் வீட்டுப் பெட்டியில் இரண்டு ஜாய்ஸ்டிக்கும் 'காம்பாட்' என்ற கேசட்டும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்தக் கேசட்டில் 27 ஆட்டம், இருபத்தேழும் இருவருக்கானவை. தனியாக இருக்கிறவன் பெட்டியை வாங்கினால் அந்தக் கேசட்டால் அவனுக்குப் பிரயோஜனமே இல்லை.

இதெல்லாம் ஒருவரோடு ஒருவர் மோதுவது. சேர்ந்து ஆடுவது எப்போது வந்தது? பொதுவாக முதலாவதாகச் சொல்லப்படுவது 1978இல் அட்டாரி செய்த 'ஃபயர் டிரக்'. ஒரு நீளமான தீயணைப்பு வண்டி. ஒருவர் முன்னால் உட்கார்ந்து ஸ்டீயரிங், பிரேக், ஆக்ஸிலரேட்டர் எல்லாம் பார்த்துக்கொள்வார். இன்னொருவர் அவருக்குப் பின்னால் நின்றபடி வண்டியின் வாலுக்கு மட்டும் தனி ஸ்டீயரிங் பிடிப்பார். முன்னால் இருப்பவர் திருப்பியதற்கு ஏற்றாற்போல் பின்னால் இருப்பவர் திருப்பாவிட்டால் வால் போய் நிறுத்தி வைத்த காரில் இடிக்கும். இதைப் படித்தபோது நம் பேஸ்மென்ட் பார்க்கிங் ஞாபகம் வந்ததை மறைக்க முடியவில்லை.

அதே 1978இல் ஜப்பானிலிருந்து 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்து உலகத்தையே புரட்டிப்போட்டது. அங்கேதான் பாதை மாறியது. இயந்திரம் இப்போது எதிரியாகிவிட்டது. ஒற்றை ஆள் போதும். இரண்டு பேர் வந்தால் ஒருவர் மாற்றி ஒருவர் ஆடலாம், அவ்வளவே. கடைக்காரருக்கும் அதுதான் வசதி.

ஆனால் காசுப் பெட்டிக்காரர்களே பிறகு வேறொரு கணக்கைக் கண்டுபிடித்தார்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே மெஷினில் ஆடினால் ஒரே நேரத்தில் நாலு காசு. 1985இல் எட் லாக் உருவாக்கிய 'கான்ட்லட்' அப்படித்தான் வந்தது. நாலு பேர் ஒரே குகைக்குள் போகவேண்டும். அவர்களுடைய ஆயுள் எண், ஒன்றும் செய்யாமல் நின்றாலும் குறைந்துகொண்டே வரும். காசு போட்டால் கூடும். மினிமம் பேலன்ஸ் இல்லாத கணக்கில் மாதாமாதம் பிடித்தம் போவது மாதிரி! நண்பனை நட்டாற்றில் விட்டுப் போக மனம் வராமல் அடுத்த காசு விழும். மனித சுபாவத்தை நன்றாகப் படித்த வியாபாரம். சேர்ந்து விளையாடும் ஆட்டங்கள் பெருகியதற்கு நல்லெண்ணத்தைவிட இந்தக் கணக்கே பெரிய காரணம் என்பது என் அபிப்பிராயம்.

விதிவிலக்கும் உண்டு. 1986இல் டைட்டோ கம்பெனியில் ஃபுகியோ மிட்சுஜி என்பவர் செய்த 'பபிள் பாபிள்'. இரண்டு குட்டி டைனோசர்கள் குமிழி ஊதி எதிரிகளை அடைக்கும், மொத்தம் நூறு கட்டம். ஆண் பிள்ளைகளே அடைத்துக்கொண்டு நின்ற ஆட்டக்கூடங்களுக்கு ஜோடிகளும் வரவேண்டும் என்று அவர் நினைத்தாராம். ஒற்றை ஆளாக நூறாவது கட்டத்தை முடித்தால், நண்பனோடு திரும்பி வா என்கிற தோரணையில் ஆட்டம் உங்களை அனுப்பிவிடும். சுபமான முடிவு இரண்டு பேர் சேர்ந்து வந்தால் மட்டும்தான்.

இனி நம் வீட்டு வரவேற்பறைக்கு வருவோம். 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நின்டெண்டோ கம்பெனி 'ஃபேமிகாம்' என்ற சிவப்பும் வெள்ளையுமான பெட்டியை 14,800 யென்னுக்கு விற்க ஆரம்பித்தது. வடிவமைத்த குழுவின் தலைவர் மசயூகி உயமுரா. இரண்டு ரிமோட்டும் பெட்டியோடு நிரந்தரமாகக் கம்பி போட்டு இணைத்தே வந்தன. கழற்ற முடியாது. செலவைக் குறைக்கச் செய்த ஏற்பாடு என்றாலும், அதனால் ஒரு நன்மை: பெட்டி இருக்கும் வீட்டில் எப்போதும் இரண்டாவது ஆளுக்கு இடம் இருந்தது. இரண்டாவது ரிமோட்டில் ஸ்டார்ட் பொத்தான் கிடையாது, அதற்குப் பதிலாக ஒரு சின்ன மைக் இருந்தது. வீட்டில் இளையவனுக்கு அதிகாரம் கிடையாது, வாய் மட்டும் உண்டு என்பதை ஜப்பான்காரர்களும் அறிந்திருக்கிறார்கள்.

அமெரிக்காவில் விற்ற பெட்டியில் நகல் கேசட்டுகள் ஓடாதபடி ஒரு பூட்டுச் சில்லு வைத்தார்கள். ஜப்பான் பெட்டியில் அது இல்லை. ஆகவே தைவானிலும் சீனாவிலும் நகலெடுத்தவர்கள் ஜப்பான் பெட்டியைத்தான் நகலெடுத்தார்கள். அது ரஷ்யாவில் 1992 முதல் 'டெண்டி' என்ற பெயரில் விற்றது. சீனாவில் கீபோர்டு வைத்து 'படிப்புக் கம்ப்யூட்டர்' என்று பெற்றோரிடம் விற்றார்கள்; விளம்பரத்தில் ஜாக்கி சான்.

நம் ஊருக்கு எப்படி வந்தது என்பது உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. நுகர்பொருள் இறக்குமதிக்கு 2001 வரை கட்டுப்பாடு இருந்த நாடு இது. பர்மாவிலிருந்து திரும்பிய நம் மக்களுக்காக 1969இல் பீச் ஸ்டேஷன் எதிரே அமைந்த பர்மா பஜார்தான் சென்னைவாசிகளுக்கு வெளிநாட்டுச் சாமான்களின் வாசல். 'டிவி கேம்' என்று கேட்டால் போதும். டயனோராவோ சாலிடேரோ, டிவியின் ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டு இந்த வயரைச் சொருகி, சேனல் திருகைத் திருப்பித் திருப்பிப் படம் வரவழைக்க வேண்டும். கேசட் ஓடாவிட்டால் கழற்றி வாயால் ஊதிவிட்டு மறுபடி சொருகுவோம். ஊதியதால் சரியானதா, மறுபடி சொருகியதால் சரியானதா என்று எந்தப் பிள்ளையும் விசாரித்ததில்லை.

கேசட் மேல் '9999 இன் 1' என்று போட்டிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்துப் பதினைந்து ஆட்டம்தான் திரும்பத் திரும்ப வேறு வேறு பெயரில் வரும்; மூன்றாவது கட்டத்திலிருந்து தொடங்கினால் அது ஒரு புது ஆட்டமாம். ஒரே டெபாசிட்டைப் பல தலைப்பில் காட்டி பேலன்ஸ் ஷீட்டை ஊத வைக்கிற வித்தை. இன்ஸ்பெக்‌ஷனில் நிற்காது.

என் மகனுக்கு ஒன்பது வயதில், 1995 வாக்கில், நானும் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அந்தக் காலத்தில் கிளையில் எங்கள் சங்கத்தில் கம்ப்யூட்டர் வந்தால் வேலை போய்விடும் என்று வாயிற்கூட்டம் போட்டுக்கொண்டிருந்தோம். கோஷம் போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் கூடத்தில் ஒரு கம்ப்யூட்டர் டிவியோடு கட்டிக்கொண்டு கிடக்கும்.

அவனும் பக்கத்து வீட்டுப் பையனும் ஆடுவதை அப்போது நான் கவனித்ததில்லை. சத்தம் போடாதீர்கள் என்று அதட்டியதோடு சரி. இப்போது யோசித்தால் ஒன்று தெரிகிறது. 'சூப்பர் மேரியோ' போட்டால் இருவரும் மாற்றி மாற்றித்தான் ஆடவேண்டும். ஒருவன் செத்தால்தான் அடுத்தவன் கைக்கு முறை வரும். ஆகவே பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் மனதுக்குள் "விழு, விழு" என்றுதான் வேண்டிக்கொள்வான். சண்டையில் முடியும். 'கான்ட்ரா' போட்டால் சண்டை குறைவு. அதில் இருவரும் ஒரே நேரத்தில் ஒரே காட்டுக்குள் ஓடுகிறார்கள், அடுத்தவன் பிழைத்திருந்தால்தான் தனக்கு நல்லது. அதே பெட்டி, அதே இரண்டு பிள்ளைகள். ஆட்டத்தின் விதி மாறினால் வேண்டுதல் மாறிவிடுகிறது.

கான்ட்ரா, கொனாமி கம்பெனி 1987இல் காசு மெஷினாகவும் 1988இல் வீட்டுக் கேசட்டாகவும் வெளியிட்டது. ஆளுக்கு மூன்று லைஃப்தான். ஒரு குண்டு பட்டால் ஒரு லைஃப் போச்சு. மூன்றாவது கட்டம் அருவி. மேலே மேலே தாவி ஏறவேண்டும். அங்கே ஒரு கண்டிப்பான விதி. ஒருவன் அவசரப்பட்டு உயரத்துக்குத் தாவினால் திரையும் அவனோடு மேலே போய்விடும், கீழே நிற்கும் நண்பன் திரையின் அடிக்கோட்டுக்குள் விழுந்து செத்துப்போவான். எதிரி தேவையே இல்லை, கூட்டாளியின் அவசரமே போதும். "இருடா, இருடா, நான் வரேன்" என்று பக்கத்து வீட்டுப் பையன் கெஞ்சியது இன்னும் காதில் இருக்கிறது. அது எதற்கு என்று எனக்கு முப்பது வருடம் கழித்துத்தான் புரிந்தது.

மூன்று லைஃபை முப்பதாக்கும் மந்திரமும் உண்டு: மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது, பி, ஏ. கசுஹிசா ஹாஷிமோட்டோ என்ற கொனாமி ஊழியர் 1986இல் 'கிரேடியஸ்' என்ற வேறோர் ஆட்டத்தைச் சோதிக்கும்போது, அது மிகக் கடினமாக இருந்ததால் தன் வசதிக்காக வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. அதை இன்டர்நெட் இல்லாத காலத்தில் சென்னைப் பிள்ளைகளும் தெரிந்து வைத்திருந்தார்கள். எந்தப் பள்ளி மைதானம் வழியாக வந்ததோ! ஹாஷிமோட்டோ 2020 பிப்ரவரியில் காலமானார்.

நாங்கள் ஆடும் பேட்டில் சிட்டி 1985இல் நாம்கோ கம்பெனி ஃபேமிகாமுக்காக வெளியிட்டது. 35 கட்டங்கள். அந்தக் காலத்தில் அமெரிக்கக் கடைகளுக்கு அந்தக் கேசட் போகவேயில்லை. ஆனால் நகல் கேசட் புண்ணியத்தில் மாஸ்கோவிலும் மாம்பலத்திலும் தெரியாத பிள்ளை இல்லை. முன்னாள் வங்கி ஊழியனாக, உரிமம் இல்லாத நகலைப் புகழ எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. நடந்ததைச் சொல்கிறேன்.

அந்த ஆட்டத்தின் சட்டங்கள் சுவாரசியமானவை. கூட்டாளியின் டாங்கியைத் தெரியாமல் சுட்டுவிட்டால் அது சாகாது, கொஞ்ச நேரம் நகர முடியாமல் நின்றுவிடும். அந்தக் கொஞ்ச நேரத்தில் எதிரி வந்து தீர்த்துவிடுவான். கழுகை நம் குண்டே உடைத்துவிடும், எதிரி உடைத்தாலும் நாம் உடைத்தாலும் ஒன்றுதான். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் திரையில் இரண்டு பத்தியாகக் கணக்கு வரும்: முதல் ஆள் எந்த வகை டாங்கி எத்தனை, இரண்டாம் ஆள் எத்தனை, மொத்தம். பற்று வரவு மாதிரியே இருக்கும். நான் அதை ஒவ்வொரு தடவையும் சரிபார்க்கிறேன். இதுவரை தப்பு இல்லை.

ஆரம்பத்தில் நண்பர் கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தார். கேட்டால், "கேட்ராக்ட் பண்ண கண்ணு சார், பொம்மை விட்டு விட்டுத் தெரியுது" என்றார். இரண்டு நாள் அந்தக் கவலையிலேயே இருந்தார். கண்ணில் கோளாறு இல்லை. அந்தப் பழைய பெட்டியின் சில்லு, திரையின் ஒரு கிடைக்கோட்டில் எட்டு பொம்மைத் துண்டுகளைத்தான் காட்டும். அதற்குமேல் ஒரே வரிசையில் வந்தால் எல்லோருக்கும் இடம் இருக்காது. ஆட்டம் எழுதியவர்கள் என்ன செய்தார்கள் என்றால், இந்த நொடித்துண்டில் இவரைக் காட்டு, அடுத்ததில் அவரைக் காட்டு என்று முறை வைத்துவிட்டார்கள். அதனால்தான் மினுக்குகிறது. இரண்டு பேர் ஆடும்போது கூட்டம் அதிகம், மினுக்கலும் அதிகம். ஒரு மோட்டார் லைனில் பத்து வீடு தண்ணீர் இறைத்தால் முறை வைப்பதில்லையா, அது மாதிரி என்றேன். மின்வாரியக்காரர் அல்லவா, "லோட் ஷெட்டிங் சார்!" என்று உடனே பிடித்துக்கொண்டார். அன்றைக்கு அவர் சிரித்ததைப் பார்த்தேன்.

பிந்தைய கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994இல் வந்த பிளேஸ்டேஷன் பெட்டியில் ஒரே ஒரு ரிமோட்தான் கொடுத்தார்கள்; நண்பன் வந்தால் இன்னொன்று தனியாக வாங்கவேண்டும். அப்புறம் இன்டர்நெட் வந்தது. அவரவர் வீட்டில் அவரவர் இருந்து ஆடலாம் என்றார்கள், வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் ஆளுக்கொரு பெட்டி, ஆளுக்கொரு ஆட்டம், ஆளுக்கொரு டிவி என்று கணக்கு இரட்டித்தது. 2015இல் 'ஹாலோ' என்ற பிரபல ஆட்டத்தின் ஐந்தாம் பாகம், ஒரே டிவியில் இருவர் ஆடும் வசதியை எடுத்துவிட்டது. ஆடுகிறவர்கள் சத்தம் போட்டார்கள். அடுத்ததில் தருகிறோம் என்றார்கள். 2022இல், கதையை ஒரே டிவியில் இருவர் சேர்ந்து ஆடும் அந்த வசதி வராது என்று கைவிரித்துவிட்டார்கள். பெரிய முதலாளிகளுக்கு ஒரே சோபாவில் இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு விற்பனை நஷ்டம்.

சோபாவைக் காப்பாற்றியவர்கள் சின்னக் கம்பெனிக்காரர்கள். 2016இல் இங்கிலாந்தில் இரண்டே பேர் நடத்திய ஒரு நிறுவனம் 'ஓவர்குக்ட்' என்ற சமையலறை ஆட்டத்தைக் கொண்டுவந்தது. ஒருவர் வெங்காயம் நறுக்க, ஒருவர் அடுப்பைப் பார்க்க, யாராவது தட்டுக் கழுவ வேண்டும். பேசாமல் வேலை செய்தால் அடுப்பு பற்றி எரியும். பேரனோடு அதை ஆடிக்கொண்டிருந்தபோது என் மனைவி பின்னால் நின்று பார்த்தார். "டிவியில கழுவுற தட்டை இங்க வந்து கழுவுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். 2015இல் வந்த ஒரு வெடிகுண்டு ஆட்டத்தில் திரையைப் பார்க்க ஒருவருக்கு மட்டுமே அனுமதி. மற்றவர் கையில் செயலிழக்க வைக்கும் முறை எழுதிய தாள்கள் மட்டும் இருக்கும். அந்தத் தாளை இலவசமாக இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம். 2021இல் வந்த 'இட் டேக்ஸ் டூ', விவாகரத்துக்குத் தயாரான ஒரு தம்பதியின் கதை. தனியாக ஆடவே முடியாது. ஒருவர் காசு கொடுத்து வாங்கினால் தூரத்திலிருக்கும் நண்பர் இலவசமாகச் சேர்ந்துகொள்ளலாம் என்று அனுமதித்தார்கள். அந்த வருடத்தின் சிறந்த ஆட்டம் என்ற விருது அதற்குத்தான் கிடைத்தது.

வரலாறு இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. மூன்றாவது மாடிக்குத் திரும்புகிறேன். அவர் அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன்.

எதிரெதிர் நாற்காலி போய்விட்டது. இப்போது ஒரே சோபாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்கிறோம். இரண்டு பேர் கண்ணும் டிவியில். கார்த்திகை மாதம் ஒரு நாள், பதினோராம் கட்டத்தில், தலையைத் திருப்பாமல் அவர் பேச ஆரம்பித்தார். அம்மா கடைசி நாள் காலையில் காபி கேட்டாராம். டாக்டர் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார் என்று இவர் கொடுக்கவில்லையாம். "அரை டம்ளர் கொடுத்திருக்கலாம் சார்" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. என் டாங்கி மட்டும் சுற்றிச் சுற்றி வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, "சார், இடது பக்கம் ஒருத்தன் வரான்" என்றார். போய் நின்றேன். அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தால் இதை அவர் சொல்லியிருக்கமாட்டார், நானும் கேட்டுக்கொண்டு இருந்திருக்கமாட்டேன். ஏதாவது சமாதானம் சொல்லிக் கெடுத்திருப்பேன்.

இப்போது அவர் கதவு சாயங்காலத்தில் திறந்தே இருக்கிறது. ஏ பிளாக் பிள்ளைகள் இரண்டு பேர் எட்டிப் பார்த்து, "தாத்தா, சுவரைக் கீழேயிருந்து உடைக்காதீங்க" என்று இலவச ஆலோசனை சொல்கிறார்கள். அவர்களுக்கு முறுக்கு உண்டு. கிளப் ஹவுஸ் டிவி காலையில் யோகா வகுப்புக்குப் பிறகு சும்மாதான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் அந்தக் குச்சியை அங்கே கொண்டுவந்து சொருகட்டுமா என்று செயலாளரிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். கமிட்டியின் அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். இரண்டு ரிமோட்டுக்கும் பேட்டரி என் செலவு. சத்தத்துக்கு ஜன்னலைச் சாத்திக்கொள்கிறோம்.

நேற்று வரை இருபத்திரண்டாம் கட்டம் வந்திருக்கிறோம். நேற்றைக்குக் கழுகை உடைத்தது எதிரி இல்லை. நான்தான். அவசரத்தில் எதிர்ப்பக்கம் திருப்பிச் சுட்டுவிட்டேன். அவர் ரிமோட்டை மடியில் வைத்துவிட்டு, "பரவாயில்ல சார், முதல்லேர்ந்து போடுங்க" என்றார்.